"தெரியும் சிஸ்டர்" என்கிறார்கள், மருந்து உள்ளே போவதில்லை: இன்ஹேலரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வார்டு_விளக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிகளுக்கு இன்ஹேலர் சொல்லிக்கொடுக்கும் செவிலியர்கள் எல்லோருக்குமாகக் கேட்கிறேன். ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்ஹேலர் போடத் தெரியுமா?" என்றால் "தெரியும் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். கையில் கொடுத்துப் போடச் சொன்னால் மருந்து புகை மாதிரி வாயோரமாகக் கிளம்பிப் போகும். படிப்படியாகச் சொல்லி அனுப்பினாலும் அடுத்த தடவை வரும்போது மறுபடி பழைய முறைதான்.

கிடைக்கும் பத்து நிமிடத்தில் எதை முதலில் சொல்வது, எதை விடுவது? ஒரே ஆளுக்கு ஸ்பிரே இன்ஹேலர் ஒன்று, பவுடர் இன்ஹேலர் ஒன்று என்று எழுதியிருந்தால் குழப்பமில்லாமல் எப்படிப் பிரித்துச் சொல்வது? விரலில் பலமில்லாத முதியவர்களுக்கும், அழுத்துவதும் இழுப்பதும் சேர்ந்து வராதவர்களுக்கும் என்ன வழி? ஸ்பேசரை (இன்ஹேலரோடு மாட்டும் குழாய் போன்ற பிளாஸ்டிக் அறை) கழுவுவது பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதையும் யாராவது தெளிவாக எழுதுங்கள். குப்பி காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்வது சரியா?

மூச்சுக்கணக்கு எழுதியது:

சிஸ்டர், "தெரியுமா?" என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ, அதே மாதிரி ஒரு தடவை போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை பேசாமல் பாருங்கள். நடுவில் தவறு தெரிந்ததும் திருத்த மனசு துடிக்கும். அங்கேயே நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு வரும் தவறுகள் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். 70 முதல் 80 சதவீதம் நோயாளிகள் வரை இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்கிறது ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி. அதனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் எத்தனை வருடமாகப் போடுகிறவர் என்றாலும், தவறு இருக்கும் என்று எண்ணிக்கொண்டே பார்க்கத் தொடங்குங்கள்.

முதலில் ஸ்பிரே வகை. நிமிர்ந்து உட்கார வேண்டும், முடிந்தால் நிற்கலாம். மூடியைக் கழற்றியதும் வாய்ப்பகுதிக்குள் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். பையில் மூடியில்லாமல் கிடந்த இன்ஹேலருக்குள் தூசியோ ஒரு சின்னப் பொருளோ புகுந்திருந்தால் அழுத்தும்போது அது நேரே தொண்டைக்குப் போகும். பிறகு நன்றாகக் குலுக்க வேண்டும். பெரும்பாலான ஸ்பிரேக்களில் மருந்து கரைந்திருப்பதில்லை, திரவத்தில் துகளாக மிதக்கிறது. குலுக்காவிட்டால் ஒரு அழுத்தலில் மருந்து குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் வரும். குலுக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாலும் துகள் மறுபடி பிரிந்துவிடும், அதனால் குலுக்கியதும் போட்டுவிட வேண்டும்.

அடுத்து, மூச்சை வெளியே விடுவது. அதிகம் பேர் விட்டுவிடும் படி இதுதான். நெஞ்சில் ஏற்கெனவே காற்று நிறைந்திருந்தால் புதிதாக இழுக்க இடமே இருக்காது. இன்ஹேலரிலிருந்து முகத்தை விலக்கி, சிரமமில்லாத அளவுக்கு மெதுவாக மூச்சை விடச் சொல்லுங்கள். பிறகு வாய்ப்பகுதியைப் பற்களுக்கு இடையில் வைத்து, கடிக்காமல், உதட்டால் சுற்றி மூட வேண்டும். நாக்கு கீழே படுத்திருக்க வேண்டும். தாடை லேசாக உயர்ந்திருந்தால் போதும், தலையை முழுக்கப் பின்னால் சாய்க்க வேண்டியதில்லை.

இனி இருக்கிறது முக்கியமான இடம். முதலில் மெதுவாக இழுக்க ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்த அதே கணத்தில் ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும், அழுத்திய பிறகும் இழுப்பு நிற்கக் கூடாது. பெரியவர்கள் மனசுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி முடிக்கும்வரை இழுக்கலாம். குப்பியிலிருந்து மருந்து படுவேகமாகப் பாய்ந்து வருகிறது. நோயாளியும் சேர்ந்து வேகமாக இழுத்தால், வளைந்து போகும் மூச்சுப் பாதையில் திரும்ப முடியாமல் மருந்து தொண்டையின் பின்சுவரில் போய் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நல்ல முறையில் போட்டால்கூட ஸ்பிரேயின் மருந்தில் சுமார் 10 முதல் 20 சதவீதம்தான் நுரையீரலைச் சேரும். வேகமாக இழுத்தால் அந்தக் கொஞ்சமும் போச்சு.

இழுத்து முடித்ததும் வாயை மூடி 10 நொடி மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். 10 முடியாதவருக்கு 5 நொடியாவது. சின்னச் சின்னத் துகள்கள் காற்றுக் குழாயில் படிந்து உட்கார அந்த நேரம் தேவை. அடுத்த பஃப் (ஒரு அழுத்தல் மருந்து) வேண்டுமென்றால் 30 நொடி முதல் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து. ஒரே மூச்சில் இரண்டு தடவை அழுத்துவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் அழுத்தலுக்குப் பிறகு குப்பியில் ஒரு பஃபை அளந்து தரும் அளவறை திரும்ப நிரம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உடனே அழுத்தினால் அளவு சரியாக வராது.

எங்கே தவறு என்பதை மருந்துப் புகையே காட்டிக்கொடுக்கும். இன்ஹேலரின் மேல்புறம், குப்பியைச் சுற்றிப் புகை எழுந்தால் அழுத்தும்போது இழுப்பு இல்லை என்று அர்த்தம். உதட்டோரம் கசிந்தால் வாய் சரியாக மூடவில்லை. மூக்கிலிருந்து வந்தால், அழுத்தியதும் மூச்சை வெளியே விட்டிருக்கிறார். இன்னொன்று வெளியே தெரியவே தெரியாது: வாய் மூடியிருக்கும், நெஞ்சு உயரும், ஆனால் மூச்சை மூக்கால் இழுப்பார். சந்தேகமாக இருந்தால் ஒரு சுற்று மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், உடனே தெரிந்துவிடும். குளிர்ந்த மருந்து தொண்டையில் பட்டதும் திடுக்கிட்டு இழுப்பை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. "ஜில்லுன்னு படும், பட்டாலும் இழுத்துக்கிட்டே இருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு அது சரியாகிவிடும்.

பார்த்து முடித்ததும் எல்லாத் தவறையும் கொட்டாதீர்கள். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கிற ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். மருந்தே வராத தவறு முதலில் (மூடியைக் கழற்றாதது, டோஸை ஏற்றாதது), அடுத்து அழுத்தலும் இழுப்பும் சேராதது, பிறகு இழுப்பின் வேகம். மூச்சைப் பிடிப்பதை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். காலி இன்ஹேலரையோ பயிற்சிக்கான மருந்தில்லா இன்ஹேலரையோ வைத்து நீங்களே செய்து காட்டுங்கள், பிறகு அவரைச் செய்யச் சொல்லுங்கள். சரியாக வரும்வரை இரண்டு மூன்று சுற்று. வாயால் விளக்கிக்கொண்டே இருப்பதைவிட இது சீக்கிரம் முடியும், இரண்டு மூன்று நிமிடம் போதும். பயிற்சி இன்ஹேலரை ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆளுக்கொரு வாய்ப்பகுதி, இல்லையென்றால் அவரவர் சொந்த இன்ஹேலர்.

அடுத்த தடவை வரும்போது பழைய முறைக்குத் திரும்பியிருக்கிறார் என்றால் அது உங்கள் குறையோ அவர் குறையோ இல்லை. கற்றுக்கொண்டதில் தவறு நாலு முதல் ஆறு வாரத்துக்குள் திரும்ப வருவது சகஜம். அதனால்தான் ஒவ்வொரு வருகையிலும் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் படியில் தவறினார் என்று சீட்டிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்து பார்க்கிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

மருந்துப்பெட்டி எழுதியது:

தண்ணீரில் மிதக்கவிடும் கேள்விக்கு நேரடி பதில்: வேண்டவே வேண்டாம். மிதக்கும் விதத்தை வைத்து மீதி மருந்தைக் கணக்கிட முடியாது. அதோடு தண்ணீர் வால்வுக்குள் போய் அடைப்பையும் உண்டாக்கும். குலுக்கிப் பார்த்து "இன்னும் இருக்கு" என்பதும் ஏமாற்றுதான். குறிப்பிட்ட எண்ணிக்கை முடிந்த பிறகும் குப்பியில் உந்துவாயு மிச்சம் இருக்கும். சத்தம் வரும், புகையும் வரும், ஆனால் அதில் மருந்து சரியான அளவில் இருக்காது. இளைப்பு வந்த நேரத்தில் அப்படி ஒரு குப்பியை நம்பியிருப்பது ஆபத்து.

மீதி எண்ணிக்கையைக் காட்டும் டோஸ் கவுன்டர் இருந்தால் அதைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு எளிது. 200 பஃப் குப்பி, காலை 2 மாலை 2 என்றால் நாளுக்கு 4, ஆக 50 நாள். 120 பஃப் என்றால் 30 நாள். தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் இன்ஹேலரின் பிளாஸ்டிக் உடம்பிலேயே ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டி எழுதிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் எழுதினால் அது முதல் நாளே குப்பைக்குப் போய்விடும். தேவைப்படும்போது மட்டும் போடும் நிவாரண இன்ஹேலருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கவுன்டர் உள்ளதாகக் கேட்டு வாங்குவது நல்லது, அல்லது கையிருப்பில் இன்னொன்று இருக்க வேண்டும்.

புதுக் குப்பியை முதலில் காற்றில் அடித்துத் தயார் செய்ய வேண்டும். பல நாள் தொடாமல் இருந்த குப்பிக்கும் இதேதான். எத்தனை தடவை, எத்தனை நாள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் 5 நாள், சிலவற்றில் 14 நாள். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்து அந்த எண்ணை அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.

வாய்ப்பகுதியின் உள்ளே, மருந்து பீறிடும் சின்னத் துளையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காய்ந்த மருந்து. நாளாக ஆகத் துளை அடைந்து, பீறிடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். பொதுவாக வாரம் ஒரு முறை குப்பியை எடுத்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உடம்பை மட்டும் வெதுவெதுப்பான ஓடும் நீரில் கழுவி, உதறி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். குப்பியை நனைக்கக் கூடாது. ஊசியால் துளையைக் குத்தவே கூடாது, துளை பெரிதானால் துளியின் அளவே மாறிவிடும். சில தயாரிப்புகளில் தண்ணீரே படக் கூடாது, துணியால் துடைத்தால் போதும் என்றிருக்கும். அங்கேயும் அந்தத் தாள்தான் கடைசி வார்த்தை.

ஸ்பேசருக்கு வருகிறேன். ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், பிளாஸ்டிக்கில் உருவாகும் நிலைமின்னூட்டம். புது ஸ்பேசரை அப்படியே பயன்படுத்தினாலோ, துணியால் பரபரவென்று துடைத்தாலோ உட்சுவரில் மின்னூட்டம் ஏறும். அடித்த மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும், நோயாளிக்கு வருவது குறையும். அதற்குத்தான் சோப்புநீர். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, ஸ்பேசரைப் பிரித்து அதில் ஆட்டி எடுங்கள். தேய்க்க வேண்டாம். வெறும் தண்ணீரில் அலசாமல், துடைக்காமல் நிறுத்திவைத்துக் காற்றில் காயவிடுங்கள். சுவரில் தங்கும் அந்த மெல்லிய சோப்புப் படலம்தான் மின்னூட்டத்தைத் தடுக்கிறது. வாயில் படும் பகுதியை மட்டும் சோப்பு போக அலசிக்கொள்ளலாம். முதல் உபயோகத்துக்கு முன் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை போதும். தினமும் கழுவுவதால் லாபம் இல்லை. மின்னூட்டம் ஏறாத பொருளால் செய்த ஸ்பேசர்களும் இருக்கின்றன, அவற்றுக்கு அதனதன் முறை. பிளாஸ்டிக் ஸ்பேசரை 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள். வால்வு வளைந்தோ கிழிந்தோ போயிருந்தால் உடனே.

தொண்டைக்கரகரப்பு எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். வாயைத் திறந்துகொண்டு இரண்டு விரல் தூரத்தில் இன்ஹேலரைப் பிடித்து அடிக்க வேண்டும் என்று பழைய கையேடுகளில் பார்த்திருக்கிறேன். எது சரி?

மூச்சுக்கணக்கு எழுதியது:

இரண்டும் எழுதப்பட்ட முறைகள்தான். தூரத்தில் பிடித்தால் பீறிடலின் வேகம் கொஞ்சம் தணியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் குறி தப்பிக் கன்னத்திலும் பல்லிலும், சில நேரம் கண்ணிலும் அடித்துக்கொள்வார்கள். வாயை மூடிப் போடுவதைத்தான் பெரும்பாலான தயாரிப்புத் தாள்கள் சொல்கின்றன, சொல்லிக்கொடுக்கவும் அதுவே எளிது. வேகம் தணிய வேண்டுமென்றால் ஸ்பேசர் இருக்கிறது. ஒரு பிரிவில் எல்லோரும் ஒரே முறையைச் சொல்லிக்கொடுங்கள். காலையில் ஒருவர் ஒன்று, மாலையில் இன்னொருவர் வேறொன்று என்றால் நோயாளிக்கு எதுவும் நிற்காது.

ஸ்டெத்_சுருள் எழுதியது:

இரண்டு இன்ஹேலர் குழப்பத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் பாதிப் பொறுப்பு மருந்து எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களான எங்களுடையது. ஸ்பிரேக்கும் பவுடருக்கும் மூச்சு நேர் எதிர். ஸ்பிரே மெதுவாக, நீளமாக. பவுடர் முதல் நொடியிலிருந்தே பலமாக, வேகமாக, ஆழமாக. பவுடர் இன்ஹேலரில் உந்துவாயு கிடையாது. மருந்துத் துகள் பெரும்பாலும் லாக்டோஸ் (பால் சர்க்கரை) துகளோடு ஒட்டியிருக்கும், அதைப் பிய்த்து நுண்துகளாக்குவது நோயாளியின் இழுப்புதான். மெதுவாக ஆரம்பித்துப் போகப்போக வேகம் கூட்டினால் பலனில்லை. மருந்து முதலிலேயே கட்டியாகக் கிளம்பி வாயில் விழுந்திருக்கும்.

அதனால் எழுதும்போதே முடிந்தவரை இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். முடியாதபோது, சிஸ்டர், ஒரே அமர்வில் இரண்டையும் அடுத்தடுத்து கற்றுக்கொடுக்காதீர்கள். ஒன்றைச் சரியாகப் போட்டுக் காட்டிய பிறகே மற்றதை மேசையில் வையுங்கள். ஸ்பிரேயில் "மெதுவா" என்றும் பவுடரில் "வேகமா" என்றும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். எது தினமும், எது இளைப்பு வந்தால் மட்டும் என்பதையும் அதே ஒட்டில் எழுதுங்கள். இளைப்பு இல்லாத நாளில் தினசரி இன்ஹேலரை நிறுத்திவிடுவதும், இளைப்பு வந்ததும் அதையே திரும்பத் திரும்பப் போடுவதும் நடக்கிறது. தினசரி மருந்தையே நிவாரணத்துக்கும் போடும்படி எழுதப்படும் முறையும் உண்டு, ஆகவே சீட்டைப் பார்க்காமல் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

பவுடர் வகைகளில் மருந்தை ஏற்றும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. கேப்ஸ்யூலைப் போட்டு அடித்தளத்தைத் திருப்பும் ரோட்டாஹேலரில், கேப்ஸ்யூலைச் சதுரத் துளையில் மேல்மட்டம் சமமாகும்வரை அழுத்த வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திருப்பும்போது பிரியாது. இழுத்த பிறகு திறந்து பார்த்து, பவுடர் மிச்சமிருந்தால் மறுபடி இழுக்க வேண்டும். ஊசியால் துளைக்கும் வகைகளில் ஒரே தடவைதான் பொத்தானை அழுத்த வேண்டும். திரும்பத் திரும்பக் குத்தினால் கேப்ஸ்யூல் நொறுங்கித் துணுக்குகள் வாய்க்கு வரும். இழுக்கும்போது உள்ளே கேப்ஸ்யூல் கடகடவென்று அதிரும் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் கேப்ஸ்யூல் சிக்கியிருக்கிறது அல்லது இழுப்பு போதவில்லை. கேப்ஸ்யூலை மாத்திரை என்று விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. "இது முழுங்குறதுக்கு இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

டர்புஹேலரை நிமிர்த்திப் பிடித்து, அடிப்பிடியை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, கிளிக் சத்தம் வரும்வரை திரும்பக் கொண்டுவர வேண்டும். படுக்கவைத்துத் திருப்பினால் அளவு குறையும். குலுக்கினால் கேட்கும் சத்தம் மருந்தில்லை, ஈரம் உறிஞ்சும் பொருள். டிஸ்கஸ் வகையில் நெம்புகோலைத் தள்ளும் ஒவ்வொரு தடவையும் ஒரு டோஸ் போய்விடும், எலிப்டாவில் மூடியை முழுக்கத் திறந்தாலே டோஸ் ஏறிவிடும். விளையாட்டாகத் திறந்து மூடினால் அத்தனையும் வீண். எந்தப் பவுடர் இன்ஹேலருக்குள்ளும் மூச்சை விடக் கூடாது. வாயின் ஈரம் பட்டால் பவுடர் திரண்டு கட்டியாகும்.

பவுடர் வாயில் பட்ட உணர்வே இல்லை, மருந்து வரவில்லை என்று இன்னொரு டோஸ் ஏற்றுவார்கள். இதற்கு எளிய வழி இருக்கிறது. வாய்ப்பகுதிமேல் மெல்லிய கறுப்புத் துணி ஒன்றைப் போர்த்தி இழுத்துக் காட்டுங்கள். துணியில் வெள்ளையாகப் படியும் அந்தப் பொடியைக் கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

நுண்பனி போல வரும் மூன்றாவது வகை ரெஸ்பிமேட். அடிப்பகுதியைக் கிளிக் வரும்வரை அரைச்சுற்று, மூடியைத் திற, அழுத்து. பனி சுமார் ஒன்றரை நொடி வரும். இதற்கும் மெதுவான இழுப்புதான். பக்கவாட்டுக் காற்றுத் துளைகளை உதட்டால் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதியவர்களுக்கு என்ன கொடுப்பது? பவுடர் இன்ஹேலருக்கு இழுப்பு பலம் வேண்டும். நல்ல நாளில் இழுக்க முடிகிறவராலும் மூச்சு முட்டும் நாளில் முடியாமல் போகலாம். இழுப்பு வேகத்தை அளக்கும் இன்-செக் டயல் போன்ற கருவி இருந்தால் பார்த்துவிட்டே முடிவெடுக்கலாம். விரல் பலமில்லாதவர்கள் இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கட்டைவிரலும் அடியில், இரண்டு ஆள்காட்டி விரலும் மேலே என்று வைத்து அழுத்தலாம். குப்பியை நெம்பித் தரும் ஹேலர்எய்ட் என்ற துணைக்கருவியும் இருக்கிறது. அழுத்தலும் இழுப்பும் சேரவே சேராது என்றால் அதில் நேரத்தைக் கரைக்காமல் ஸ்பேசருக்குப் போய்விடுங்கள். ஒரு பஃப் அடித்து, சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விட்டு வாங்கினால் போதும். வீட்டில் இன்னொருவர் குப்பியை அழுத்திக் கொடுக்கலாம், அவரையும் கூடவே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். பல்செட் ஆடினால் உதடு சரியாக மூடாது, அதையும் கவனியுங்கள்.

கடைசியாக எங்கள் தரப்புக்கு ஒன்று. மருந்து கேட்கவில்லை என்று டோஸைக் கூட்டுவதற்கு முன், அந்த மருந்து உள்ளே போகிறதா என்று செவிலியரிடம் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

குட்டிமூச்சு எழுதியது:

குழந்தைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன். 3 வயது வரை ஸ்பேசரோடு முகமூடி, 4-5 வயதில் ஸ்பேசரோடு வாய்ப்பகுதி என்பது பொதுவான முறை. முகமூடி மூக்கையும் வாயையும் சுற்றி இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் குழந்தை அந்த வழியாகத்தான் மூச்சு வாங்கும், மருந்து ஸ்பேசருக்குள்ளேயே நின்றுவிடும். முகமூடியைப் படியவைத்த பிறகு குப்பியை அழுத்துங்கள், வால்வு அசைவதைப் பார்த்து ஐந்து முதல் பத்து மூச்சு எண்ணுங்கள். வால்வு அசையவில்லை என்றால் மூச்சு அதன் வழியாகப் போகவில்லை.

அழும்போது கொடுத்தால் ஆழமாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. அழுகையில் மூச்சு நீளமாக வெளியே போகும், உள்ளே வருவது குட்டியாக, வெடுக்கென்று வரும். மருந்து வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். மருந்து இல்லாத நேரத்தில் முகமூடியை விளையாட்டுப் பொருளாகக் கொடுங்கள், பொம்மைக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மடியில் சாய்த்துக்கொண்டு, முகமூடியைக் குழந்தையின் கையோடு சேர்த்துப் பிடித்தால் முரண்டு குறையும். இரண்டு பஃப் என்றால் இரண்டையும் ஒன்றாக ஸ்பேசருக்குள் அடிக்காதீர்கள். துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்துச் சுவரில் படியும். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் முன் குலுக்கி. அழுத்திவிட்டு முகமூடிக்காகத் துரத்திக்கொண்டிருந்தால் அதற்குள் மருந்து படிந்திருக்கும்.

ஸ்பேசரில் விசில் சத்தம் வந்தால் பாராட்டாதீர்கள். பெரும்பாலான மாடல்களில் அது வேகமாக இழுக்கிறாய் என்ற எச்சரிக்கை.

வார்டு_விளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு கொப்பளித்த தண்ணீரை விழுங்கலாமா? "இன்ஹேலர் போட்டா அதுக்கே அடிமையாயிடுவோம், மாத்திரையே கொடுங்க" என்பவர்களுக்கு என்ன சொல்வது?

மருந்துப்பெட்டி எழுதியது:

விழுங்கக் கூடாது. கொப்பளித்து, தொண்டைவரை கரகரத்துத் துப்ப வேண்டும். வாயிலும் தொண்டையிலும் தங்கும் ஸ்டீராய்டால்தான் வெள்ளைப் பூஞ்சையும் குரல் கம்மலும் வருகின்றன. விழுங்கினால் தேவையில்லாத அளவு வயிற்றுக்குப் போகிறது. பல் துலக்குவதற்கு முன் இன்ஹேலர் என்று வைத்துக்கொண்டால் கொப்பளிப்பது மறக்காது. முகமூடியில் போடும் குழந்தைக்கு முகத்தையும் துடைத்துவிட வேண்டும். ஸ்பேசர் பயன்படுத்தினால் வாயில் படிவதே குறையும், அதனால் பூஞ்சை வருகிறவர்களுக்கும் ஸ்பேசர் நல்ல வழி.

அடிமை என்ற பயத்துக்கு எண்ணைக் காட்டுங்கள். சால்பியூட்டமால் ஸ்பிரே ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். இரண்டு பஃப் 200. அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். இருபது மடங்கு. அத்தனையும் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிக் கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்துவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே போகிறது. காகிதத்தில் 200 என்றும் 4000 என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

ஸ்டெத்_சுருள் எழுதியது:

அதோடு ஒன்று. அந்தப் பயத்துக்குள் ஒரு நியாயமான கவனிப்பும் ஒளிந்திருக்கும். நிவாரண இன்ஹேலரை முன்பைவிட அடிக்கடி போட வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னால், அதைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளம் அது. எத்தனை நாளில் ஒரு குப்பி தீர்கிறது என்று கேளுங்கள், தினசரி இன்ஹேலரை உங்கள் முன்னால் ஒரு தடவை போடச் சொல்லுங்கள், அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண மருந்து போட்டும் அடங்காவிட்டாலோ அது பாடம் நடத்தும் நேரமில்லை, உடனே அவசரப் பிரிவு. போகும் வழியிலும் ஸ்பேசரில் ஒவ்வொரு பஃபாகக் கொடுத்துக்கொண்டே போகலாம் என்பதை வீட்டாருக்கு முன்பே சொல்லிவையுங்கள்.